ஸ்பைவேர் ஸ்கேன் முடிவை வாசிப்பது எப்படி? வீட்டுக் கம்ப்யூட்டருக்கான முழு வழிகாட்டி

ஸ்பைவேர், அதாவது உங்களுக்குத் தெரியாமல் தகவலைக் கவனித்து அனுப்பும் புரோகிராம், இருக்கிறதா என்று ஓட்டிய ஸ்கேன் முடிந்து திரையில் சிவப்பு எழுத்தில் "214 அச்சுறுத்தல்கள்" என்று வந்ததும், கை நேராக "எல்லாவற்றையும் நீக்கு" பட்டனுக்குப் போகும். அதை அழுத்தும் முன் ரிப்போர்ட்டை ஒருமுறை வாசித்துவிடுங்கள். அந்த 214 பெரும்பாலும் ஒன்றிரண்டு வேண்டாத புரோகிராம்கள் இறைத்துவிட்டுப் போன துண்டுகளாகத்தான் இருக்கும். "1" என்று மட்டும் காட்டும் ரிப்போர்ட்டோ உங்கள் வங்கிக் கணக்கு வரைக்கும் கவலைப்பட வேண்டியதாக இருக்கலாம். எண்ணிக்கையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஒவ்வொரு வரியிலும் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: கண்டுபிடித்ததற்கு என்ன பெயர் கொடுத்திருக்கிறது, அது எந்த இடத்தில் இருந்தது, இப்போது என்ன நிலையில் இருக்கிறது.

இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 கம்ப்யூட்டர்களுக்கு. அதில் கூடவே வரும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டரையும், பலர் இரண்டாவது கருத்துக்காக ஓட்டிப் பார்க்கும் மால்வேர்பைட்ஸையும் உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

முதலில் ரிப்போர்ட்டைச் சேமியுங்கள்

நீக்கிய பிறகு "அது எங்கிருந்து வந்தது?" என்று தேடினால் பதில் கிடைக்காது. பதில் அந்த வரியில் இருக்கும் ஃபைல் பாதையில்தான் இருக்கிறது. டிஃபெண்டரில் "விண்டோஸ் செக்யூரிட்டி" திறந்து, "வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன்", அதற்குள் "புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி". ஒவ்வொரு பதிவையும் விரித்து "சீ டீடெய்ல்ஸ்" அழுத்தினால் பாதிக்கப்பட்ட ஃபைல்களின் பட்டியல் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இந்தப் பக்கம் பதிவுகளை இரண்டு வாரம்தான் வைத்திருக்கும். மால்வேர்பைட்ஸில் ஸ்கேன் ரிப்போர்ட்டை டெக்ஸ்ட் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்யலாம். விளம்பரப் புரோகிராம்களை நீக்கும் ஆட்வ்கிளீனர் ஓட்டியிருந்தால் சி டிரைவில் அதன் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும், உள்ளே "லாக்ஸ்".

ரிப்போர்ட் உண்மையானதா?

ரிப்போர்ட்டைக் காட்டுவது எந்தப் புரோகிராம் என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு வரியைக்கூட நம்ப வேண்டாம். பிரவுசரில் திறந்த ஒரு வெப்சைட்டால் உங்கள் ஹார்டு டிஸ்கை ஸ்கேன் செய்ய முடியாது. பச்சைக் கோடு ஓடி, ஃபைல் பெயர்கள் பறந்து, "5 வைரஸ்கள்" என்று வருவது வெறும் அனிமேஷன். ஸ்கேன் முடிவோடு "உடனே அழையுங்கள்" என்று ஃபோன் நம்பர் வந்தால் யோசிக்கவே வேண்டாம், மோசடி. விண்டோஸின் உண்மையான எச்சரிக்கைகளில் ஃபோன் நம்பர் இருக்காது. திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு மூட விடாமல் செய்தால், எஸ்கேப் கீயைச் சில விநாடி அழுத்திப் பிடியுங்கள். அதற்கும் அசையாவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய டேப்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வலது கீழ் மூலையில் திரும்பத் திரும்ப முளைக்கும் "உங்கள் கம்ப்யூட்டர் பாதிக்கப்பட்டுள்ளது" பெட்டிகள் பெரும்பாலும் பிரவுசர் நோட்டிஃபிகேஷன்கள். பெட்டிக்குள் பிரவுசரின் பெயரும் ஏதோ ஒரு வெப்சைட் முகவரியும் சின்ன எழுத்தில் இருக்கும். என்றோ ஒரு நாள் "அலவ்" அழுத்தியதன் விளைவு இது. பிரவுசர் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலுக்குப் போய் அந்த முகவரியை எடுத்துவிட்டால் நின்றுவிடும்.

இன்ஸ்டால் செய்த புரோகிராமே பொய் சொன்னதும் உண்டு. அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் "பிசி ஹெல்த் செக்" என்ற பரிசோதனை நடந்தது. பாப்-அப் தொல்லை இருக்கிறதா, கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா என்பது போன்ற நான்கு கேள்விகளில் ஒன்றுக்கு "ஆம்" என்று டிக் செய்திருந்தாலே மால்வேர் (கெடுதல் செய்யும் புரோகிராம்) அறிகுறி இருப்பதாக முடிவு வந்தது. அந்த முடிவுக்கும் ஸ்கேனுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் குற்றச்சாட்டு. 2019இல் ஆஃபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், புரோகிராமைத் தந்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டன. இலவசமாக ஸ்கேன் செய்து, நீக்குவதற்குப் பணம் கேட்கும் "கிளீனர்" எதுவாக இருந்தாலும் அதன் எண்ணிக்கையை நம்பாதீர்கள். டெம்பரரி ஃபைல்களையும் விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் உள்ள காலி கீகளையும் சேர்த்து எண்ணித்தான் ஆயிரக்கணக்கில் "பிரச்சினை" காட்டுகிறார்கள்.

வரிகளை எண்ணாதீர்கள், பெயர்களை எண்ணுங்கள்

மால்வேர்பைட்ஸ் ரிப்போர்ட் ஒரு ஒழுங்கில் வரும்: புராசஸ், மாட்யூல், ரெஜிஸ்ட்ரி கீ, ரெஜிஸ்ட்ரி வேல்யூ, ரெஜிஸ்ட்ரி டேட்டா, டேட்டா ஸ்ட்ரீம், ஃபோல்டர், ஃபைல், ஃபிசிக்கல் செக்டர், டபிள்யூஎம்ஐ. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். உங்கள் கண் முதலில் போக வேண்டியது புராசஸ் (இயங்கும் புரோகிராம்), மாட்யூல் (அதில் ஏறியிருக்கும் துண்டு) இரண்டுக்கும். அங்கே பூஜ்யம் என்றால், ஸ்கேன் ஓடிய நேரத்தில் அது அடையாளம் கண்ட எதுவும் மெமரியில் இயங்கிக்கொண்டிருக்கவில்லை. எண் இருந்தால், அது உயிரோடு வேலை செய்துகொண்டிருந்தது.

அடுத்து, ஒரே பெயர் எத்தனை வரியில் வருகிறது என்று பார்த்துத் தொகுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரவுசர் டூல்பார் மட்டும் ஒரு ஃபோல்டர், அதற்குள் எண்பது ஃபைல்கள், இருபது ரெஜிஸ்ட்ரி கீகள் என்று நூறைத் தாண்டிவிடும். 214 வரிகள் இப்படித் தொகுத்தால் மூன்று பெயர்களாகச் சுருங்கும். அந்த மூன்றைத்தான் விசாரிக்க வேண்டும்.

சில ஸ்கேனர்கள் "டிராக்கிங் குக்கி"களையும் பட்டியலில் சேர்க்கின்றன. இவை விளம்பர நிறுவனங்கள் பிரவுசரில் விட்டுச்செல்லும் சிறு குறிப்புகள். தானாக இயங்கும் சக்தி எதுவும் கிடையாது. இன்று அழித்தால் நாளை நாலு வெப்சைட் பார்த்ததும் திரும்ப வந்துவிடும். கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பெயரைப் பிரித்துப் படிப்பது

டிஃபெண்டர் கொடுக்கும் பெயருக்கு ஒரு கட்டமைப்பு உண்டு: முதலில் வகை, முக்காற்புள்ளிக்குப் பின் எந்தத் தளம், சாய்கோட்டுக்குப் பின் குடும்பப் பெயர், புள்ளிக்குப் பின் அதன் ரகம், ஆச்சரியக்குறிக்குப் பின் கூடுதல் குறிப்பு. "ட்ரோஜன்:வின்32/வாகடாக்.பி!எம்எல்" என்பதில் "எம்எல்" என்றால் மெஷின் லேர்னிங். பழக்கமான ஒரு ஃபைலோடு அச்சு அசலாகப் பொருந்தியதால் வந்த பெயர் இல்லை. பார்க்கச் சந்தேகமாக இருப்பதாக ஒரு கணிப்பு. சரியாகவும் இருக்கலாம், பலர் பயன்படுத்தாத ஒரு சின்னப் புரோகிராமைத் தவறாகப் பிடித்ததாகவும் இருக்கலாம். மால்வேர்பைட்ஸில் "மால்வேர்.ஏஐ", "மெஷின்லேர்னிங்/அனாமலஸ்" என்பவையும், காஸ்பர்ஸ்கை ஆன்டிவைரஸில் பெயருக்கு முன் வரும் "ஹியூர்" என்பதும் இதே மாதிரியான கணிப்புகள்.

வகைச் சொல்தான் அவசரத்தைத் தீர்மானிக்கிறது. "ட்ரோஜன்ஸ்பை", "பிடபிள்யூஎஸ்", "ஸ்பைவேர்.பாஸ்வேர்ட்ஸ்டீலர்", "பேக்டோர்" (வெளியிலிருந்து ஒருவர் நுழைய வழி திறப்பது) என்று தொடங்கினாலோ, ரெட்லைன், லும்மா, விடார் போன்ற குடும்பப் பெயர் இருந்தாலோ, அது தகவல் திருடும் சாதி. லும்மாவை மட்டும் எடுத்துக்கொண்டால், 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டது. இந்த வகை வந்தால் கீழே "தகவல் திருடி உறுதியானால்" பகுதிக்கு நேராகப் போங்கள்.

"பியூஏ", "பியுபி.ஆப்ஷனல்", "ஆட்வேர்" ஆகியவை வேண்டாத புரோகிராம்கள். இலவச மென்பொருள் இன்ஸ்டால் செய்யும்போது "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" அழுத்தியதில் உள்ளே வந்தவை. விளம்பரம் காட்டும், தேடுபொறியை மாற்றும். உங்கள் உலாவலைக் கவனிக்கவும் செய்யலாம். நீக்குங்கள், பதற வேண்டாம். "பியுஎம்" என்றால் ஒரு செட்டிங் மாற்றப்பட்டிருக்கிறது என்று மட்டும் அர்த்தம். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பாக இருந்தால் அவர்களே மாற்றியிருப்பார்கள்.

"ஹேக்டூல்" விஷயத்தில் பலர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். "ஹேக்டூல்:வின்32/ஆட்டோகேஎம்எஸ்" என்றால் விண்டோஸையோ ஆஃபீஸையோ திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் கருவி. "அது எனக்குத் தெரிந்த ஃபைல்தான்" என்று "அலவ்" கொடுப்பது ஆபத்து. ஆக்டிவேட்டர், கீஜென், கிராக் என்ற பெயரில்தான் தகவல் திருடிகளும் உள்ளே வருகின்றன. ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் இன்ஸ்டால் குறிப்பு எதில் இருந்தாலும் அதை ஓட்டாதீர்கள். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் அந்தக் கம்ப்யூட்டரைச் சந்தேகத்துக்குரியதாகவே நடத்துங்கள்.

இன்னொரு பெயர் பலரைக் குழப்பும்: "செட்டிங்ஸ்மாடிஃபயர்:வின்32/ஹோஸ்ட்ஸ்ஃபைல்ஹைஜாக்". மைக்ரோசாஃப்டுக்குத் தகவல் போவதைத் தடுக்க நீங்களோ, நீங்கள் நிறுவிய பிரைவசி கருவியோ எந்த வெப் முகவரி எந்த ஐபி எண்ணுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் வரிகள் சேர்த்திருந்தாலும் டிஃபெண்டர் இதைச் சொல்லும். அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். வங்கி, மெயில் முகவரிகளுக்கு எதிரே அந்நிய ஐபி எண்கள் இருந்தால் கவலைக்குரியது. மைக்ரோசாஃப்ட் சர்வர்களுக்கு எதிரே 0.0.0.0 மட்டும் இருந்தால் யாரோ வேண்டுமென்றே தடுத்தது.

இடம்: ஃபைல் எங்கே கிடந்தது?

டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் ஒரு ஸிப், திறக்கப்படாமலே இருந்திருக்கலாம். பிரவுசர் கேஷில் இருந்தால், ஒரு பக்கம் அதை இறக்கியிருக்கிறது. இயங்கியது என்று சொல்ல முடியாது. "சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்" என்றால் பழைய ரீஸ்டோர் பாயின்டுக்குள் (விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்பச் சேமித்தது) உறங்கும் பிரதி. அந்த ரீஸ்டோர் பாயின்டுகளை அழித்துவிட்டால் போதும். "ஆப்டேட்டா"வுக்குள் "ரோமிங்" அல்லது "லோக்கல்" கீழே அர்த்தமில்லாத எழுத்துகளால் ஆன பெயரில் ஓர் இஎக்ஸ்இ ஃபைல் இருந்தால், அது பெரும்பாலும் ஓடி, தனக்கு இடம் பிடித்துக்கொண்ட ஒன்று. அட்மின் அனுமதி இல்லாமலே எழுத முடிகிற இடம் என்பதால் திருடிகளுக்குப் பிடித்த ஃபோல்டர் இது.

டிஃபெண்டர் பாதைக்கு முன்னால் ஒரு சொல் போடும். அதைப் பெரும்பாலோர் கவனிப்பதே இல்லை. "வெப்ஃபைல்" என்றால் இறங்கும்போதே பிடித்தது. அதே வரியில் எந்த வெப் முகவரியிலிருந்து வந்தது என்பதும் இருக்கும். "கன்டெய்னர்ஃபைல்" என்றால் ஸிப், ஐஎஸ்ஓ போன்ற மூட்டைக்குள் இருக்கிறது. "ரன்கீ", "ஸ்டார்ட்அப்", "டாஸ்க்‌ஷெட்யூலர்", "சர்வீஸ்" என்றால் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதோ, குறித்த நேரத்திலோ தானாக எழ ஏற்பாடு செய்திருக்கிறது. "புராசஸ்" என்றால் இயங்கிக்கொண்டிருந்தது. "சிஎம்டிலைன்" என்றால் ஒரு கட்டளை ஓட்ட முயற்சி நடந்திருக்கிறது. "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க விண்டோஸ் கீயும் ஆர்-உம் அழுத்தி, பேஸ்ட் செய்து, என்டர் கொடுங்கள்" என்று ஒரு பக்கம் கேட்டு நீங்கள் செய்திருந்தால், இந்தச் சொல்லோடு பவர்ஷெல் கட்டளை ஒன்று அங்கே தெரியும். எந்த உண்மையான கேப்ச்சாவும் இப்படிக் கேட்காது.

நிலை: பிடித்ததா, தடுத்ததா, விட்டுவிட்டதா?

"த்ரெட் பிளாக்ட்", "த்ரெட் குவாரன்டைன்ட்" இரண்டும் நல்ல செய்தி. குவாரன்டைனில் இருக்கும் ஃபைல் இயங்க முடியாத வடிவில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும், ஆபத்தில்லை. "ஆக்‌ஷன் நீடட்" என்றால் உங்கள் முடிவுக்குக் காத்திருக்கிறது. "ரெமெடியேஷன் இன்கம்ப்ளீட்" என்றால் முழுதாக நீக்க முடியவில்லை. கன்டெய்னர்ஃபைலில் இது அடிக்கடி வரும். வெளி மூட்டையை நீங்களே அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். "த்ரெட் அலவ்ட்" என்று பார்த்து, நீங்கள் அனுமதித்ததாக நினைவில்லை என்றால், உடனே அனுமதியைத் திரும்பப் பெறுங்கள்.

நேரத்தையும் பாருங்கள். ஃபைல் உருவான தேதிக்கும் பிடிபட்ட தேதிக்கும் இடையில் மூன்று வாரம் இருந்தால், அந்த மூன்று வாரமும் அது வேலை செய்திருக்கலாம்.

தவறான பிடிப்பா என்று சோதிப்பது

2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த ஃபைலான எஸ்விசிஹோஸ்டையே வைரஸ் என்று பிடித்து, கம்ப்யூட்டர்களை ரீஸ்டார்ட் சுழலில் சிக்கவைத்தது. 2022 செப்டம்பரில் டிஃபெண்டர், குரோம் போன்ற சாதாரண புரோகிராம்களைத் திறந்தபோதெல்லாம் "பிஹேவியர்:வின்32/ஹைவ்.இஸட்ஒய்" என்று எச்சரித்தது. இரண்டுமே ஸ்கேனரின் பிழைகள். அதனால் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் ஒரு ஃபைல் பிடிபட்டால் முதலில் டெஃபினிஷனை (ஸ்கேனர் வைத்திருக்கும் மால்வேர் அடையாளப் பட்டியலை) அப்டேட் செய்து, திரும்ப ஸ்கேன் செய்யுங்கள். ஃபைலை ரைட் கிளிக் செய்து "புராப்பர்ட்டீஸ்" போனால், "டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்" என்ற டேபில் யார் கையெழுத்திட்டது என்று தெரியும். மைக்ரோசாஃப்டின் செல்லுபடியாகும் கையெழுத்து இருந்தால் கையால் அழிக்கவே கூடாது. அந்த டேப் இல்லை என்பதால் மட்டும் ஃபைல் கெட்டது ஆகிவிடாது. விண்டோஸின் பல ஃபைல்களுக்குக் கையெழுத்து வேறொரு கேட்டலாக்கில் இருக்கும்.

மற்ற ஃபைல்களுக்கு வைரஸ்டோட்டல் உதவும். 2012இல் கூகுள் வாங்கிய இந்தச் சேவை, ஒரே ஃபைலை எழுபதைச் சுற்றிய எண்ணிக்கையில் ஸ்கேனர்களிடம் கேட்டுச் சொல்லும். ஃபைலை அப்லோட் செய்யாமல் முதலில் அதன் ஹாஷை (ஃபைலின் கைரேகை போன்ற எழுத்துக் கோவையை) கொடுத்துத் தேடுங்கள். பவர்ஷெல்லில் "கெட்-ஃபைல்ஹாஷ்" கட்டளையோடு பாதையைக் கொடுத்தால் 64 எழுத்துகள் கொண்ட எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் வரும். சம்பளச் சீட்டு, ஆதார் நகல் போன்ற சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றவே கூடாது. ஏற்றியதைக் கட்டணச் சந்தாதாரர்கள் எடுத்துப் பார்க்க முடியும். ஹாஷ் எடுப்பதற்காகக் குவாரன்டைனில் இருப்பதை வெளியே எடுக்கவும் வேண்டாம்.

வரும் முடிவை இப்படிப் படியுங்கள். முப்பது, நாற்பது ஸ்கேனர்கள் பிடித்து, பலவற்றில் ஒரே குடும்பப் பெயர் வந்தால் சந்தேகமில்லை. அதிகம் கேள்விப்படாத இரண்டு மூன்று மட்டும் "ஜெனரிக்", "ஏஐ" போன்ற பொதுப்பெயர் சொல்லி, ஃபைல் பல வருடமாக அங்கே அறிமுகமானதாக இருந்தால், தவறான பிடிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். இன்றுதான் முதன்முதலாகப் பதிவான ஃபைலுக்குப் பூஜ்யம் வந்தால் அதை நற்சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.

நீக்குவது, திரும்ப வந்தால் தேடுவது

வேண்டாத புரோகிராம் என்றால் முதலில் செட்டிங்ஸின் "ஆப்ஸ்" பட்டியலிலிருந்து அன்இன்ஸ்டால் செய்துவிட்டு, மிச்சத்தை ஸ்கேனரிடம் விடுங்கள். ஸ்கேனர் முதலில் பாதியை எடுத்துவிட்டால் அன்இன்ஸ்டாலர் உடைந்து, பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும். மற்றவற்றுக்குக் குவாரன்டைன் கொடுங்கள், ரீஸ்டார்ட் செய்யுங்கள், மறுபடி முழு ஸ்கேன் ஓட்டுங்கள். இயங்கிக்கொண்டிருந்த ஒன்று பிடிபட்டிருந்தால் "மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன்" ஸ்கேனும் தேவை. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். சுமார் 15 நிமிடம் ஆகும். திறந்திருக்கும் வேலைகளைச் சேமித்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா? குரோமின் "செக்யூர் பிரிஃபரன்சஸ்" போன்ற ஃபைலில் வந்தால் காரணம் பெரும்பாலும் சிங்க், அதாவது பிரவுசர் செட்டிங்குகளைக் கணக்கு வழியாக எல்லாக் கருவிகளுக்கும் ஒத்திசைக்கும் வசதி. ஸ்கேனர் நீக்கியதை உங்கள் கூகுள் கணக்கு மறுபடி இறக்குகிறது. எல்லாக் கருவிகளிலும் சிங்கை அணைத்து, கணக்கில் சேர்ந்த சிங்க் தகவலை அழித்து, சந்தேக எக்ஸ்டென்ஷனை எடுத்து, ஸ்கேன் செய்தபின் சிங்கைத் திருப்பிப் போடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் குரோம் மெனு "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது" என்று சொன்னால், யாரோ பாலிசி வழியாக எக்ஸ்டென்ஷனைப் பூட்டி வைத்திருக்கக்கூடும். டாஸ்க் ஷெட்யூலரில் புதிதாக முளைத்த வேலைகளையும் பாருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக டிஃபெண்டரின் "எக்ஸ்க்ளூஷன்ஸ்" பட்டியலை (ஸ்கேன் செய்ய வேண்டாம் என்று விலக்கிய இடங்கள்) திறந்து பாருங்கள். மால்வேர் தன் ஃபோல்டரையோ, சில சமயம் சி டிரைவ் முழுவதையுமோ அங்கே சேர்த்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை முறை ஸ்கேன் செய்தாலும் "ஒன்றும் இல்லை" என்றுதான் வரும்.

தகவல் திருடி உறுதியானால்

ஃபைலை நீக்கியதோடு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. இன்றைய தகவல் திருடிகள் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகள், குக்கிகள், கிரிப்டோ வாலட் ஃபைல்கள் எல்லாவற்றையும் சில நிமிடங்களில் அள்ளி அனுப்பிவிட்டு, சில சமயம் தங்களையே அழித்துக்கொள்கின்றன. ஓடியது உறுதி என்றால், போக வேண்டியது போய்விட்டது என்றே வைத்துக்கொண்டு செயல்படுங்கள்.

கம்ப்யூட்டரை இன்டர்நெட்டிலிருந்து துண்டியுங்கள். வேறொரு சுத்தமான கருவியில், முதலில் மெயில் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குக்கும் சாவி அங்கேதான். மாற்றியதும் "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்த வேண்டும். திருடப்பட்ட லாகின் குக்கி இருந்தால் பாஸ்வேர்டும் ஓடிபியும் இல்லாமலே ஒருவர் உள்ளே நுழைய முடியும். மெயிலில் ஃபார்வர்டிங் விதி, மீட்பு ஃபோன் நம்பர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வங்கி, ஷாப்பிங், சோஷியல் மீடியா. பிரவுசரில் கார்டு எண் சேமித்திருந்தால் வங்கியிடம் சொல்லி மாற்றுக் கார்டு வாங்குங்கள். இந்தியாவில் பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் கொடுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்கும் வாய்ப்பு சீக்கிரம் அழைப்பதில்தான் இருக்கிறது.

பேக்டோர் வகை ஓடியிருந்தால், எத்தனை ஸ்கேன் சுத்தம் என்று சொன்னாலும், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் பேக்கப் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே எங்கள் பரிந்துரை. இஎக்ஸ்இ, ஸ்கிரிப்ட் எதையும் பேக்கப்பில் எடுக்காதீர்கள்.

பூஜ்யம் வந்தால்

"நோ கரன்ட் த்ரெட்ஸ்" என்றால், அந்த ஸ்கேனருக்குத் தெரிந்த எதுவும் அது பார்த்த இடங்களில் இல்லை. அவ்வளவுதான். குவிக் ஸ்கேன் எல்லா ஃபோல்டர்களையும் பார்ப்பதில்லை. எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ரிமோட் புரோகிராம்கள் சட்டபூர்வமானவை என்பதால் ஸ்கேனர் பொதுவாக அவற்றைப் பற்றி வாய் திறக்காது. "வங்கியிலிருந்து பேசுகிறோம்" என்று சொன்ன யாரோ ஒருவர் நிறுவச் சொன்னதாக இருந்தாலும் அப்படியே. ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதி வரிசையில் அடுக்கி, உங்களுக்குத் தெரியாதது இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலையும் அதே மாதிரி ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

வீட்டில் உள்ள ஒருவரே கண்காணிப்பு மென்பொருள் போட்டிருப்பதாகச் சந்தேகம் வந்தால் மட்டும், உடனே நீக்காதீர்கள். நீக்கியது அவருக்குத் தெரிந்துவிடும். உதவி தேடுவதையும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே செய்தால் அதுவும் தெரிந்துவிடும். வேறொருவரின் ஃபோனிலிருந்து நம்பிக்கையானவரையோ, இந்தியாவில் பெண்களுக்கான 181 உதவி எண்ணையோ முதலில் தொடர்புகொள்ளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைத் திரையோடு சேர்த்து அந்த ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பின்னால் புகார் கொடுத்தால் அதுதான் ஆதாரம்.